கார்லைல் அணியின் 1912 சீசன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒலிம்பிக் வீரர் ஜிம் தார்ப்பைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே, அடுத்து வருவது அவர் படித்த கார்லைல் பள்ளியும் அந்தப் பள்ளியின் ஃபுட்பால் அணியும்தான். 1912இல் அந்த அணி ஆடிய 14 ஆட்டங்களைப் பற்றி வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் இரண்டு வரியில் முடிந்துவிடும். சிலவற்றுக்குக் கொஞ்சம் பின்னால் போய்த்தான் தொடங்க வேண்டும்.

கார்லைல் இண்டியன்ஸ் என்கிறார்களே, இந்தியர்கள் ஆடிய அணியா?

இல்லை. அமெரிக்காவின் பூர்வகுடி மக்களைத்தான் அந்தக் காலத்தில் 'இண்டியன்' என்றார்கள். நம் பழைய பாடப்புத்தகங்கள் 'செவ்விந்தியர்' என்று எழுதின. நிறத்தை வைத்துச் சொல்லும் அந்தச் சொல் எனக்கு உடன்பாடில்லை என்பதால், இங்கே பூர்வகுடி என்றே எழுதுகிறேன். அணியின் பெயரை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். ஒரே இனத்தவர் சேர்ந்த அணியும் அல்ல இது. சாக் அண்டு ஃபாக்ஸ், ஓஜிப்வே, கோல்வில் என்று வெவ்வேறு இனங்களின் பிள்ளைகள் ஒரே சட்டை போட்டு ஆடினார்கள். அவர்களுடைய தாய்மொழிகளும் வேறு வேறு.

இது நாம் ஆடும் கால்பந்துதானா?

இல்லை, இது அமெரிக்கன் ஃபுட்பால். நீள்வட்டப் பந்து. அதைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து ஓட வேண்டும், அதுதான் டச்டவுன். எதிரணி பாய்ந்து பிடித்துக் கீழே தள்ளும். 10 கஜம் முன்னேறக் குறிப்பிட்ட வாய்ப்புகள்தான் உண்டு, அதற்குள் முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் ஃபீல்டு கோல். இந்தப் பக்கத்தைப் புரிந்துகொள்ள இவ்வளவு போதும்.

அன்றைய ஆட்டத்துக்கும் இன்றையதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இப்போது தாக்க ஓர் அணி, தடுக்க வேறோர் அணி என்று ஆள்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அன்றைக்கு அதே 11 பேர்தான் ஓடவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும், உதைக்கவும் வேண்டும். தோல் தொப்பி போடுவது அவரவர் விருப்பம்.

கார்லைல் ஒரு கல்லூரியா?

பெயரளவில்கூட இல்லை. பென்சில்வேனியா மாநிலத்தின் கார்லைல் ஊரில், காலியாகக் கிடந்த ராணுவக் குடியிருப்பில் 1879இல் தொடங்கிய அரசு உறைவிடப் பள்ளி அது. நிறுவியவர் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி. பாதி நாள் பாடம், பாதி நாள் தச்சு, தையல், கொல்லு வேலை. அப்படிப்பட்ட தொழிற்பள்ளிதான் ஹார்வர்டு, பென்சில்வேனியா போன்ற பல்கலைக்கழகங்களோடு மோதியது. கல்லூரி ஃபுட்பால் வரலாற்றில் அதற்கு இடம் கிடைத்தது அந்த ஆட்டங்களால்தான்.

பள்ளியின் நோக்கத்தைச் சொல்லாமல் அணியைப் பற்றிப் பேசக்கூடாது என்பது என் கருத்து. "அவனுக்குள் இருக்கும் இண்டியனைக் கொன்று மனிதனைக் காப்பாற்று" என்பது 1892இல் பிராட் ஒரு கூட்டத்தில் பேசியது. அதைத்தான் பள்ளி செய்தது. தொலைவிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய பிள்ளைகளின் நீண்ட கூந்தலை வெட்டினார்கள். சொந்த உடையைக் கழற்றிச் சீருடை மாட்டினார்கள். தாய்மொழியில் பேசத் தடை. முதல் தொகுதியில் வந்த லகோட்டா இனச் சிறுவன் ஒருவனை ஆசிரியர் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தி, கையில் ஒரு குச்சியைக் கொடுத்தார். பலகையில் வரிசையாக வெள்ளைக்காரப் பெயர்கள். அவனுக்கு எழுத்தே தெரியாது. குச்சியால் ஏதோ ஒன்றைத் தொட்டான், அது 'லூதர்'. அன்றிலிருந்து அவன் லூதர். பின்னாளில் எழுத்தாளராகப் பேர் வாங்கிய லூதர் ஸ்டாண்டிங் பேர் தன் பெயர் வந்த கதையை இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தப் பள்ளியில் ஃபுட்பால் எப்படி நுழைந்தது?

மாணவர்களே கேட்டு வாங்கிய ஆட்டம் இது. உள்ளூர் டிக்கின்சன் கல்லூரிப் பையன்களோடு ஆடியபோது ஒரு மாணவனுக்குக் கால் முறிந்தது. பிராட் வெளி ஆட்டங்களுக்குத் தடை போட்டார். பிறகு ஒரு நாள் மாணவர்கள் கூட்டமாக அவருடைய அறைக்கே போய் வாதாடினார்கள். அவரும் இரண்டு நிபந்தனைகளோடு இறங்கிவந்தார். எதிரி என்ன செய்தாலும் யாரையும் குத்தக்கூடாது. சில ஆண்டுகளுக்குள் நாட்டின் மிகப் பெரிய அணிகளை ஜெயித்துக் காட்ட வேண்டும்.

குத்தக்கூடாது என்றதில் அவருடைய கணக்கு வேறு. பூர்வகுடிப் பையன் ஒருவன் கையை ஓங்கினால்கூட 'காட்டுமிராண்டிப் புத்தி' என்று பத்திரிகைகள் எழுதும் என்பது அவருக்குத் தெரியும். ஆக, எதிரணி அடித்தாலும் வாங்கிக்கொண்டு, பந்தால் மட்டுமே பதில் சொல்லப் பழகிய அணி அது. 1893 முதல் 1917 வரை அவர்களுடைய மொத்தக் கணக்கு 167 வெற்றி, 88 தோல்வி, 13 சமன்.

பயிற்சியாளர் பாப் வார்னர் எப்படிப்பட்டவர்?

முழுப்பெயர் கிளென் ஸ்கோபி வார்னர். 1899 முதல் 1903 வரை ஒரு முறை, 1907 முதல் 1914 வரை இன்னொரு முறை கார்லைலுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆட்டத்தைப் புதிதாக யோசித்த மூளை என்பதில் சந்தேகமே இல்லை. கார்லைல் பையன்கள் எதிரணிகளைவிட எடை குறைந்தவர்கள், ஆனால் வேகமானவர்கள். முட்டி மோதிப் பயனில்லை, ஏய்க்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

1903 அக்டோபர் 31இல் ஹார்வர்டுக்கு எதிராக நடந்ததைச் சொன்னால் புரியும். இரண்டாம் பாதி தொடங்க ஹார்வர்டு பந்தை உதைக்கிறது. கார்லைல் பையன்கள் பந்தைப் பிடித்தவுடன் ஒரு கொத்தாகக் கூடுகிறார்கள். அந்தக் கொத்துக்குள்ளே ஜிம்மி ஜான்சன், சார்லஸ் டில்லன் என்ற கனத்த ஆட்டக்காரரின் சட்டைக்குப் பின்பக்கம் பந்தைச் செருகிவிடுகிறார். சட்டையின் அடியில் அதற்கென்றே எலாஸ்டிக் வைத்துத் தைத்திருக்கிறது. கொத்து சிதறுகிறது. ஆளாளுக்கு வயிற்றில் பந்து இருப்பதுபோலக் குனிந்துகொண்டு ஒவ்வொரு திசையில் ஓடுகிறார்கள். ஹார்வர்டு ஆட்கள் அவர்களைத் துரத்தித் துரத்திக் கவிழ்க்கிறார்கள். டில்லனோ இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு, முதுகில் ஒரு வீக்கத்தோடு, நேரே ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டிவிடுகிறார். கடைசியில் ஹார்வர்டு 12–11 என்று ஜெயித்தது, ஆனால் இன்றுவரை பேசப்படுவது டில்லனின் முதுகுதான்.

வார்னரின் இன்னொரு முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

1912இல் விதிகள் மாறியதாகச் சொல்கிறார்களே?

ஆமாம், கார்லைலின் சீசனைப் புரிந்துகொள்ள இது முக்கியம். 1905 வாக்கில் இந்த ஆட்டத்தில் ஆண்டுதோறும் இளைஞர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டமாகக் கைகோத்துக்கொண்டு ஒரே இடத்தில் மோதுவதுதான் அன்றைய உத்தி. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துப் பேசினார். 1906இல் பந்தை முன்னோக்கி எறியும் ஃபார்வர்டு பாஸ் சட்டபூர்வமானது. அதை முதன்முதலில் ஓர் ஆயுதமாக எடுத்துக்கொண்ட அணிகளில் கார்லைலும் ஒன்று. 1907இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை 26–6 என்று அவர்கள் கவிழ்த்தது அப்படித்தான்.

1912இல் இன்னும் திறந்துவிட்டார்கள். டச்டவுனுக்கு 5 புள்ளி என்பது 6 ஆனது. 10 கஜம் முன்னேற 3 வாய்ப்பு என்பது 4 ஆனது. மைதானத்தின் நீளம் 110 கஜத்திலிருந்து 100 ஆகி, இரு முனைகளிலும் எல்லைக்கோட்டுக்கு அப்பால் 10 கஜ எண்டு ஸோன் என்ற பகுதி சேர்ந்தது. பாஸ் 20 கஜத்துக்கு மேல் போகக்கூடாது என்ற தடையும் போனது. கனத்த உடம்பை நம்பிய அணிகளுக்கு இது நஷ்டம். கால் வேகத்தை நம்பிய கார்லைலுக்கு வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

அந்த சீசனில் யார் யாரோடு ஆடினார்கள், முடிவு என்ன?

செப்டம்பர் 21இல் ஆல்பிரைட் கல்லூரியை 50–7 என்று ஜெயித்துத் தொடங்கினார்கள். அடுத்த 11 நாளுக்குள் லெபனான் வேலி 45–0, டிக்கின்சன் 34–0, வில்லனோவா 65–0. அக்டோபர் 5இல் வாஷிங்டன் அண்டு ஜெஃபர்சன் கல்லூரியோடு 0–0 சமன். அப்புறம் சிரக்கூஸை 33–0, பிட்ஸ்பர்கை 45–8, ஜார்ஜ்டவுனை 34–20. கனடாவின் டொராண்டோவுக்குப் போய் 49–1. லீஹை 34–14, ராணுவக் கல்லூரி 27–6. நவம்பர் 16இல் பென்சில்வேனியாவிடம் 26–34 என்று தோல்வி, சீசனில் தோற்றது இந்த ஓர் ஆட்டம்தான். பிறகு ஸ்பிரிங்ஃபீல்டு 30–24, நவம்பர் 28இல் நன்றி நவிலல் நாளன்று பிரவுன் பல்கலைக்கழகத்தை 32–0.

கூட்டிப் பார்த்தால் 12 வெற்றி, 1 தோல்வி, 1 சமன். எடுத்த புள்ளி 504, விட்டது 114.

டொராண்டோவின் அந்த ஒற்றைப் புள்ளி எப்படி வந்தது என்று சிலர் கேட்பார்கள். கனடாவின் ரக்பி கால்பந்தில் 1 புள்ளிக்கென்றே ஓர் உதை உண்டு, அது அங்கிருந்து வந்தது. ஸ்பிரிங்ஃபீல்டு என்று எழுதியிருப்பது ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியை. 1891இல் கூடைப்பந்து பிறந்த இடம் அதுதான்.

ஏன் பெரும்பாலும் வெளியூரிலேயே ஆடினார்கள்?

பணம். கார்லைலின் சொந்த மைதானத்தில் டிக்கெட் வசூல் எவ்வளவு வந்துவிடும்? பெரிய நகரங்களில் ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும், வசூலில் ஒரு பங்கு கிடைக்கும். அதனால் சீசன் முழுக்க ரயில்தான். சனிக்கிழமை அக்டோபர் 26இல் தலைநகர் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுனோடு ஆட்டம். திங்கள் 28இல் டொராண்டோவில் ஆட்டம். இடையில் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடிபட்ட முழங்காலும் வீங்கிய கணுக்காலுமாக ரயில் பெட்டியில் அந்தப் பையன்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று அட்டவணையைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

எல்லோரும் பேசும் அந்த ராணுவக் கல்லூரி ஆட்டத்தில் என்னதான் நடந்தது?

1912 நவம்பர் 9. இடம் ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள வெஸ்ட் பாயிண்ட், அமெரிக்க ராணுவத்துக்கு அதிகாரிகளை உருவாக்கும் கல்லூரி. இந்தப் பக்கம், அதே ராணுவத்தால் நிலத்தை இழந்த மக்களின் பிள்ளைகள். வூண்டட் நீ என்ற இடத்தில் லகோட்டா மக்களை, பெண்கள் குழந்தைகள் உட்பட, ராணுவம் சுட்டுக் கொன்றது 1890 டிசம்பர் 29இல். இந்த ஆட்டத்துக்கு 22 ஆண்டுகூட முழுதாக முன்னால் இல்லை. ஜிம் தார்ப்புக்கு அப்போது 3 வயது.

ஆட்டத்துக்கு முன்னால் வார்னர் பையன்களிடம், இவர்களுடைய அப்பாவும் தாத்தாவும்தான் உங்கள் அப்பாவோடும் தாத்தாவோடும் சண்டை போட்டவர்கள், மறக்காதீர்கள் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. அதை அவர் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பது இல்லை.

அன்று வார்னர் ஒரு புது வரிசையைக் களத்தில் இறக்கினார். பந்தோடு ஓடும் ஹாஃப்பேக் ஆட்டக்காரர்கள் இருவரையும் வழக்கம்போலப் பின்னால் நிறுத்தாமல், முன்வரிசையின் இரு முனைகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். டபுள் விங் என்று பிற்பாடு பெயர் பெற்ற ஏற்பாடு அதுதான். பந்து நடுவிலே போகுமா, ஓரமாகச் சுற்றி வருமா, மேலே பறக்குமா என்று எதிரணியால் ஊகிக்க முடியவில்லை. முதல் பாதி முடிவில் 7–6 என்று மயிரிழை முன்னிலைதான். இரண்டாம் பாதியில் ராணுவ அணி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை, கார்லைல் 20 எடுத்தது. ராணுவ அணியின் கேப்டன் லேலண்ட் டெவோர் பொறுமை இழந்து, தன்னை ஆட்டம் முழுக்கப் படுத்திய ஜோ கயான் மேல் பாய்ந்தார். நடுவர் அவரை வெளியேற்றினார். குத்தக்கூடாது என்று யாருக்கு நிபந்தனை போட்டார்கள், கடைசியில் யார் அடித்து வெளியே போனார்கள் என்று பாருங்கள்.

இந்த ஆட்டத்தைச் சொல்பவர்கள் எல்லாம் தார்ப்பின் பெயரையே சொல்வார்கள். அவருடைய ஓட்டம்தான் எதிரணியின் கண்ணை இழுத்தது, உண்மை. ஆனால் அன்றைய நான்கு டச்டவுன்களில் மூன்று அலெக்ஸ் அர்காசா எடுத்தவை, ஒன்று ஜோ பெர்கி எடுத்தது. எல்லோரும் தார்ப்பைப் பார்த்துக்கொண்டிருக்க, அர்காசா கோட்டைத் தாண்டிவிட்டார்.

ஐசன்ஹோவர் அந்த ஆட்டத்தில் ஆடினாரா?

ஆடினார். பின்னாளில் இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளின் தளபதி, அதற்கப்புறம் அமெரிக்க அதிபர், அதே டுவைட் ஐசன்ஹோவர்தான். அவரும் இன்னொரு மாணவரும் இரு பக்கமிருந்தும் பாய்ந்து தார்ப்பை நசுக்கிவிடத் திட்டமிட்டார்கள் என்றும், தார்ப் சட்டென்று நிற்க இருவரும் ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுந்தார்கள் என்றும் சொல்வார்கள்.

தார்ப்தான் ஐசன்ஹோவரின் முழங்காலை உடைத்தார் என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. முழங்கால் போனது அடுத்த வாரம், டஃப்ட்ஸ் கல்லூரிக்கு எதிரான ஆட்டத்தில். அத்தோடு அவருடைய ஃபுட்பால் முடிந்தது. தார்ப்பைப் போல ஓர் ஆட்டக்காரரைத் தான் பார்த்ததே இல்லை என்று அவர் வயதான காலத்திலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படியானால் ஜிம் தார்ப் உண்மையிலேயே அவ்வளவு பெரிய ஆளா?

ஆமாம். அந்த ஆண்டு ஜூலையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து தடகளப் போட்டிகள் சேர்ந்த பென்டத்லான், பத்து சேர்ந்த டெகத்லான் இரண்டிலும் தங்கம். டெகத்லானில் 8,412 புள்ளி. போட்டியின் நடுவே அவருடைய ஷூ காணாமல் போக, கிடைத்த இரண்டு பொருந்தாத ஷூக்களை மாட்டிக்கொண்டு ஓடினார் என்பார்கள். ஒரு கால் ஷூ பெரிதாக இருந்ததால் அந்தக் காலுக்கு மட்டும் கூடுதல் சாக்ஸ். அன்றைய புகைப்படம் ஒன்று இருக்கிறது, முகத்தை விட்டுவிட்டுக் காலை மட்டும் பாருங்கள், ஜோடி சேராத காலுறைகள் தெளிவாகத் தெரியும். அதே ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் வெள்ளி வாங்கிய ஹோப்பி இனத்தவர் லூயிஸ் டெவானிமாவும் கார்லைல் மாணவர்தான்.

ஊர் திரும்பி இரண்டு மாதத்துக்குள் ஃபுட்பால் சீசன். தார்ப் அந்த ஆண்டு அணியின் கேப்டன். அவர் எடுத்தவை 25 டச்டவுன், 198 புள்ளி என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஸ்பிரிங்ஃபீல்டுக்கு எதிரான 30 புள்ளிகளும் அவர் ஒருவரே எடுத்தவை. முந்தின ஆண்டு ஹார்வர்டை 18–15 என்று ஜெயித்தபோதும் நான்கு ஃபீல்டு கோல்கள் அவருடைய காலிலிருந்து போனவை.

ஆனாலும் அவரைத் தனியாகப் பிரித்து எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆட்டத்தை நடத்திய குவார்ட்டர்பேக் கஸ் வெல்ச் என்ற ஓஜிப்வே இளைஞர். ராணுவக் கேப்டனையே நிலைகுலைய வைத்த ஜோ கயானும் ஓஜிப்வேதான், பின்னாளில் தொழில்முறை ஃபுட்பாலின் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்றவர். அர்காசாவை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். இவர்கள் இல்லாமல் 504 புள்ளி ஏது?

அந்த ஆண்டின் சாம்பியன் கார்லைலா?

இல்லை. 9 ஆட்டங்களையும் ஜெயித்த ஹார்வர்டைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள். பென்சில்வேனியாவிடம் பட்ட தோல்வி கார்லைலுக்கு இடையூறு. ராணுவக் கல்லூரியை ஜெயித்த களைப்பு ஆறும் முன், ஒரே வாரத்தில் வந்த ஆட்டம் அது.

தார்ப்பின் பதக்கங்களைப் பறித்தது ஏன்?

சீசன் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1913 ஜனவரியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரப் பத்திரிகை ஒன்று, தார்ப் முன்பு காசு வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடியதாகச் செய்தி போட்டது. காசுக்கு ஆடாத அமெச்சூர்களுக்கு மட்டும்தான் அன்றைய ஒலிம்பிக்கில் இடம். உண்மைதான். 1909, 1910 கோடைகளில் வட கரோலைனாவின் ராக்கி மவுண்ட் ஊரில் சொற்பக் கூலிக்கு ஆடியிருந்தார். அப்போது கல்லூரிப் பையன்கள் பலர் கோடையில் அப்படி ஆடினார்கள், ஆனால் பொய்ப் பெயரில். தார்ப் சொந்தப் பெயரிலேயே ஆடினார், அதனால் மாட்டிக்கொண்டார். அமெரிக்க அமெச்சூர் சங்கத்துக்கு அவர் எழுதிய கடிதத்தில், தான் விவரம் தெரியாத ஓர் இண்டியன் பள்ளிப் பையன், மற்றவர்கள் செய்ததைத்தான் செய்தேன், ஆனால் அவர்கள் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை என்று இருக்கிறது. கடிதத்தை எழுதிக் கொடுத்ததே வார்னர்தான் என்று பலர் நம்புகிறார்கள். தன் ஆட்டக்காரர் இரண்டு ஆண்டு எங்கே போனார் என்று பயிற்சியாளருக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்பதை நான் நம்பவில்லை.

ஆட்சேபம் இருந்தால் போட்டி முடிந்து 30 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று அன்றைய விதி இருந்தது. செய்தி வந்ததோ ஆறு மாதம் கழித்து. இருந்தும் பதக்கம் போனது. தார்ப் 1953இல் இறந்தார். 1982இல் ஒலிம்பிக் குழு அவரைக் கூட்டுச் சாம்பியனாக மட்டும் ஏற்றது. தனிச் சாம்பியன் என்று பதிவைத் திருத்தியது 2022 ஜூலையில், டெகத்லான் ஜெயித்து 110 ஆண்டு கழித்து.

ஃபுட்பாலில் வந்த பணம் எங்கே போனது?

அதைக் கேட்டவர்கள் மாணவர்களே. பணம் முழுவதும் தடகள நிதி என்ற தனிக் கணக்கில் போனது, அதன் மேல் வார்னருக்கு இருந்த பிடி பெரிது. மற்ற பிள்ளைகளுக்குச் சாப்பாடு சரியில்லை, தண்டனைகள் கடுமை என்ற புகார்கள் பெருகின. குவார்ட்டர்பேக் கஸ் வெல்ச்தான் முன்னால் நின்று, 200க்கும் மேற்பட்ட மாணவர்களின் கையெழுத்தோடு விசாரணை கேட்டு மனு அனுப்பினார்.

1914இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று நேரில் வந்து விசாரித்தது. ஆட்டக்காரர்கள் சாட்சி சொன்னார்கள். வார்னர் தங்களைக் கெட்ட வார்த்தையில் திட்டுவார், மரியாதை இல்லாமல் நடத்துவார் என்று அவர் பயிற்சி கொடுத்த பையன்களே எழுந்து சொன்னார்கள். வெஸ்ட் பாயிண்டில் அவருடைய திட்டத்தைக் களத்தில் நடத்திக் காட்டிய அதே வெல்ச்தான் அவருக்கு எதிராகவும் நின்றார். கண்காணிப்பாளர் மோசஸ் ஃப்ரீட்மன் பதவி இழந்தார். வார்னர் 1914 சீசனுக்குப் பிறகு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கேயும் வெற்றிமேல் வெற்றி பெற்றார். என்னைக் கேட்டால், டபுள் விங்கைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த மனுவையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அணி என்ன ஆனது?

விசாரணைக்குப் பிறகு பழைய பலம் திரும்பவில்லை. கடைசி சீசன் 1917. அடுத்த ஆண்டு பள்ளியையே மூடி, முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களுக்கான மருத்துவமனையாக்கினார்கள். தார்ப் பேஸ்பாலும் ஃபுட்பாலும் தொழிலாக ஆடி, 1920இல் இன்றைய தொழில்முறை ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல். அமைப்பின் முன்னோடிக்கு முதல் தலைவரானார். வெல்ச் டிக்கின்சனில் சட்டம் படித்தார், போருக்குப் போய்வந்தார், பிறகு வாஷிங்டன் மாநிலத்தில் கல்லூரிப் பயிற்சியாளரானார்.

இப்போது கார்லைலில் என்ன இருக்கிறது?

அந்த வளாகம் இன்று அமெரிக்க ராணுவத்தின் போர்க் கல்லூரி. அவர்கள் ஓடிய மைதானம் இண்டியன் ஃபீல்டு என்ற பெயரோடு அங்கேயே இருக்கிறது. 2024 டிசம்பரில் அதிபர் பைடன் பள்ளியின் இடத்தைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார்.

வளாகத்தின் ஓரத்தில் ஒரு கல்லறைத் தோட்டமும் உண்டு. பள்ளிக்கு வந்து வீடு திரும்பாத பிள்ளைகள் அங்கே புதைக்கப்பட்டார்கள், நோயில் போனவர்கள் பலர். வெள்ளைக் கற்கள் ராணுவ வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் பள்ளி வைத்த பெயரும் இனத்தின் பெயரும். சில கற்களில் 'அறியப்படாதவர்' என்று மட்டும். 2017 முதல் அந்தக் குழிகளைத் திறந்து, எலும்புகளை அவரவர் மக்களிடம் ஒப்படைத்து வருகிறார்கள். 2021 ஜூலையில் ஒன்பது பிள்ளைகளை ரோஸ்பட் சூ மக்கள் தெற்கு டகோட்டாவில் உள்ள தங்கள் மண்ணுக்கு எடுத்துப் போனார்கள். பிள்ளைகளாக வந்தபோது ரயிலில் கடந்த அதே தூரத்தை, இந்த முறை சாலை வழியே, ஊர் ஊராக நின்று பிரார்த்தனை செய்துகொண்டு போனார்கள்.